12 தலைக்கட்டு, 40 ஏக்கர்: கடலோரத்தில் புது ஊர் போடுகிறவர்களுக்கு

கேட்டிருப்பது இது: ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளித் தொடங்கும் 40 ஏக்கர். கிழக்கே மணல்மேடு, மேற்கே களித் தரவை (தாழ்ந்த களிமண் பொட்டல்), முக்கால்வாசி சீமைக் கருவேலம். 12 குடும்பம் சேர்ந்து வாங்கி, அங்கேயே குடியேறி விவசாயம் பார்க்க வேண்டும். முதலில் வீட்டைக் கட்டிவிடலாமா? போர் எத்தனை அடி போடலாம்? முண்டு மிளகாய் போட்டால் முதல் வருஷமே கட்டுமா?

வீடு கடைசி. போர் வேண்டவே வேண்டாம். மிளகாய் மூன்றாம் வருஷம். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர்.

இந்தக் கரையின் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். பிரப்பன்வலசை, சாத்தக்கோன்வலசை. வலசை என்றால் இடம்பெயர்ந்து வந்து தங்கியது. புத்தேந்தல் என்றொரு ஊர். ஏந்தல் என்றால் மழைநீரை ஏந்தி நிற்கும் சின்னக் குளம். ஆற்றுப் பாசனம் எட்டாத இடத்தில், தண்ணீரை ஏந்தி வைத்தவன்தான் ஊராக நின்றான். மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பாதிக்கும் மேலே, கிட்டத்தட்ட 500 மில்லிமீட்டர், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி எட்டு ஒன்பது மாதமும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் 40 ஏக்கரில் கால் பங்கு, அதாவது 10 ஏக்கர், தண்ணீருக்கு என்று முதலிலேயே ஒதுக்குங்கள். "பத்து ஏக்கரைச் சும்மா போடுவதா?" என்று பன்னிரண்டு பேரில் ஒருவராவது கேட்பார். அவருக்கான பதில் பின்னால் ஊருணி (குடிநீர்க் குளம்) கணக்கில் வருகிறது.

முன்பணம் கொடுக்கும் முன் நிலத்தைப் பார்க்க வேண்டிய மாதம் ஆடி, ஆவணி. தரகர்கள் தை மாதம்தான் கூட்டிப் போவார்கள். தையில் இந்தக் கரையில் எந்தக் குழியைத் தோண்டினாலும் இளநீர் மாதிரித் தண்ணீர் இருக்கும், அது போன மாத மழை. ஆவணிக் கடைசியில் எது குடிக்கிற மாதிரி இருக்கிறதோ அதுதான் உங்கள் தண்ணீர்.

மணல்மேட்டில் மூன்று இடத்திலாவது ஊற்று தோண்டுங்கள். தண்ணீர் தட்டியதும் உடனே அளக்காதீர்கள். ஓர் இரவு தெளியவிட்டு, மறுநாள் காலை, பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரால் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அது பிபிஎம்மில், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். மேல் தண்ணீரை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டி, வாயில் தக்கை செருகி, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். பாட்டிலைத் தரை தட்டும்வரை இறக்கி நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அடித் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். மேலே 500, அடியில் 700 என்றால் நல்ல ஊற்று. மேலே 500, அடியில் 2500 என்றால் நல்ல தண்ணீர் ஏடு போலத்தான் மிதக்கிறது, இறைக்க இறைக்க உப்பு ஏறும். குடிநீருக்கு 500 பிபிஎம்முக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. பாசனத்துக்குக் கணக்கு வேறு. மிளகாய்க்கு 640 பிபிஎம் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். நெல் 1300 வரை பொறுக்கும். சோளம் 2900, பருத்தி 3200 வரை தாங்கும். மிளகாய்க்கு நாக்கில் காரம், உப்பைத் தாங்குவதில் அது சவலைப் பிள்ளை.

செடியும் சொல்லும். உமரி படர்ந்த இடம் உப்பு, அங்கே தோண்டுவது வீண். அருகம்புல்லை மட்டும் நம்பிக் குழி போடாதீர்கள், அது ஓரளவு உப்பையும் தாங்கும். பக்கத்தில் உப்பளமோ இறால் பண்ணையோ இருந்தால், அதை ஒட்டிய கிணற்றுத் தண்ணீரை வாங்கி அளந்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா, சிட்டா, 30 வருஷ வில்லங்கம் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது அ-பதிவேடும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு) புலப்படமும் (நில அளவை வரைபடம்). தரவை என்று வழக்கில் சொல்லும் இடத்தில் பாதி, பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்காகவோ ஓடையாகவோ இருக்கும். ஓடை நடுவில் போனால் அதை மறிக்கக் கூடாது. அதே ஓடைதான் பின்னால் உங்கள் உப்பைக் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை வரும். அந்த எல்லைக்குள் கட்டடத்துக்கும் மோட்டார் வைத்து நிலத்தடி நீர் எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. உங்கள் கிழக்கு வரப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று அளந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, போர் ஏன் வேண்டாம். கடலோர மணலில் நல்ல தண்ணீர் தனியாக ஓர் ஊற்றுக்கண்ணிலிருந்து வருவதில்லை. மேட்டில் விழுந்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் படியுங்கள்: மேலே அரை அடி இறங்கினால், கீழே இருந்து உப்பு 20 அடி ஏறும். ஆழ்துளை போடுகிறவர் நல்ல தண்ணீரை ஓட்டையிட்டுப் போய் உப்பின் விளிம்பிலேயே குழாயை வைக்கிறார். முதல் சில மாதம் இனிக்கும், அப்புறம் சப்பென்று ஆகும், அதற்கப்புறம் அந்தக் குழாய் மட்டும் இல்லை, அக்கம்பக்கத்து ஊற்றும் கெடும். மேலே வந்த உப்பு திரும்பக் கீழே இறங்க எத்தனை மழைக்காலம் பிடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் உறைக்கிணறு. 4 அடி விட்டம், ஓர் அடி உயரச் சிமெண்ட் உறைகள். மணலில் பெரிய குழி வெட்டி உறையை இறக்கப் பார்க்காதீர்கள், பக்கம் சரிந்து ஆளை மூடும். முதல் உறையைத் தரையில் வைத்து, உள்ளே உட்கார்ந்து மணலை அள்ள அள்ள அது தன் கனத்தில் இறங்கும். மேலே அடுத்த உறை, அதற்கு மேலே அடுத்தது. சுற்றிலும் சமமாக அள்ள வேண்டும், ஒரு பக்கம் அதிகம் அள்ளினால் உறை சாய்ந்து மாட்டிக்கொள்ளும். மணலோடு மணலாகச் சாம்பல் நிறக் களி கலந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். களியைக் குத்தினால் அடியிலுள்ள உப்பு மேலே வர வழி கொடுத்ததாகும். தண்ணீருக்குள் 4 அடி போதும். 4 அடி விட்டத்தில் 4 அடி தண்ணீர் என்பது சுமார் 1,400 லிட்டர். காலையில் பாதி, மாலையில் பாதி, இரவு முழுக்க ஊற விடுங்கள். அடி மணலில் கருங்கல் ஜல்லியை ஓர் அடிக்குப் பரப்பினால் இறைக்கும்போது மணல் கலங்காது. அரை ஹெச்பி மோட்டாரே இந்த உறையை வற்றடிக்கப் போதும். ஒரே கிணற்றை ஆழப்படுத்துவதைவிட, 100 அடிக்கு ஒன்றாக ஆறு கிணறு போடுங்கள். ஒரு கிணறு உப்புத் தட்டினால் அதற்கு மூன்று மாதம் ஓய்வு கொடுத்துவிட்டு மற்ற ஐந்தை வைத்து ஓட்டலாம்.

மணல்மேடுதான் உங்கள் தொட்டி என்பதால், அதிலிருந்து வீடு கட்ட ஒரு சட்டி மணல்கூட எடுக்கக் கூடாது. மேட்டில் இருக்கும் ராவணன் மீசைப் புல், அடம்புக் கொடி இரண்டையும் "களை" என்று பிடுங்காதீர்கள். மணலைக் கட்டி வைத்திருப்பது அவைதான்.

தரவைப் பக்கம் கதை வேறு. களிமண்ணில் ஊற்று கிடையாது, கிடைத்தாலும் உப்பு. அங்கே ஊருணி. மேலே 80 அடிக்கு 80 அடி, ஆழம் 12 அடி, சரிவு ஒன்றுக்கு இரண்டு (ஓர் அடி இறங்க இரண்டடி உள்ளே). அப்படியென்றால் அடித்தளம் 32 அடிக்கு 32 அடிதான் வரும். நிறைந்தால் சுமார் 11 லட்சம் லிட்டர் பிடிக்கும். பெரிதாகத் தெரிகிறதா? தையிலிருந்து ஆவணி வரை இந்த வெயிலும் காற்றும் நாலரை அடித் தண்ணீரைக் குடித்துவிடும். மேல் நாலரை அடியில்தான் அகலம் அதிகம், ஆகவே மொத்தத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போச்சு. அடியில் மூன்றடி சேறும் கலங்கலும், அது ஒன்றே கால் லட்சம் லிட்டர். மிஞ்சும் மூன்றரை லட்சத்தில் கசிவு போக, 50 பேருக்கு ஆளுக்குத் தினம் 10 லிட்டர் வீதம் எட்டு மாதத்துக்கு ஒன்றே கால் லட்சம். கணக்கு உதைக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். இதே கொள்ளளவை 93 அடிக்கு 93 அடி, 6 அடி ஆழம் என்று அகலமாக வெட்டியிருந்தால் ஆவணிக்கு வெகு முன்பே சேறாகிவிடும். கடலோர ஊருணிக்கு அகலம் எதிரி, ஆழம்தான் சொத்து.

ஆனால் அந்த ஆழத்துக்கும் ஒரு தடை உண்டு. வெட்டுவதற்கு முன் சோதனைக் குழி எடுத்து, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, ஐந்து மடங்கு தெளிந்த தண்ணீரில் கலக்கி மீட்டரால் பாருங்கள். எந்த அடியில் அளவு திடீரென்று எகிறுகிறதோ, அதற்கு மேல் மூன்றடி களியைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். 12 அடிக்கு இடம் இல்லையென்றால் 9 அடி வெட்டி, தோண்டிய மண்ணைக் கரையாக 3 அடி உயர்த்தி அடித்து இறுக்குங்கள்.

நிறைய எவ்வளவு நீர்ப்பிடிப்பு வேண்டும்? களித் தரவையில் விழும் மழையில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவரும் என்று வைத்தால், 500 மில்லிமீட்டர் மழைக்கு மூன்று ஏக்கர் போதும். மழை பொய்க்கிற வருஷத்தில் ஓடிவருவது மழையைவிட வேகமாகக் குறையும், காய்ந்த களி முதலில் தான் குடித்துக்கொள்ளும். ஆகவே ஆறு ஏக்கர். அதில் உழவு கூடாது, ஆடு மாடு கூடாது, உரம் மருந்து கூடாது. ஊருணி, கரை, வாய்க்கால், கிணற்று மேட்டைச் சுற்றி விடும் இடம் எல்லாம் சேர்த்தால் பத்து ஏக்கர் வந்துவிடும். தண்ணீர் நுழையும் வாயில் 6 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வைத்தால் தூர் அங்கேயே தங்கும். வருஷம் ஒருமுறை அதை மட்டும் அள்ளினால் ஊருணியைத் தூர்வார வேண்டிய செலவு தள்ளிப்போகும்.

சீமைக் கருவேலத்தை எடுக்கும் காலம் தை முதல் பங்குனி வரை. வெட்டினால் சாகாது, தரைக்கடியில் இருக்கும் கட்டையின் கழுத்திலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். ஓர் அடிக்குக் கீழே வேரோடு பெயர்க்க வேண்டும். ஜேசிபிக்காரர் மணிக்கணக்கில் காசு வாங்குகிறவர் என்பதால் மேலே தள்ளிவிட்டுப் போகவே பார்ப்பார். பெயர்த்த ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முழ ஆணிவேராவது தொங்குகிறதா என்று ஒருவர் கூடவே நின்று பாருங்கள். விறகை விற்றோ கரிமூட்டம் போட்டோ பெயர்க்கும் செலவில் ஒரு பகுதியை மீட்கலாம். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி நிற்கும். மூட்டத்தின் மண் பூச்சில் ஒரு விரல் வெடிப்பு விட்டாலும் உள்ளே காற்றுப் போய் மொத்தமும் சாம்பல், அதனால் இரவுக் காவல் இல்லாமல் மூட்டம் போடாதீர்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தப்பு, ஒரே மூச்சில் 30 ஏக்கரையும் மொட்டையடிப்பது. வைகாசியில் தொடங்கும் கச்சான் (தென்மேற்கு) காற்று ஆவணி வரை நிற்காது. மொட்டைத் தரையில் அது மேல் மண்ணை அள்ளிக்கொண்டு போகும். தென்மேற்கு ஓரத்தில் 50 அடி அகலத்துக்குக் கருவேலத்தை அப்படியே விடுங்கள். அதன் உள்பக்கம் மூன்று வரிசை சவுக்கு, மூன்றடி இடைவெளியில், முக்கோணமாக, ஐப்பசி மழையில் நடுங்கள். சவுக்கு ஆள் உயரம் தாண்டி அடர்ந்த பிறகு, மூன்றாம் வருஷம் அந்தக் கருவேலத்தை எடுக்கலாம். கிழக்கே வாடைக் காற்று உப்பைத் தெளிக்கும், அந்தப் பக்கத்துக்கும் இதே மாதிரி மூன்று வரிசை.

இரண்டாவது தப்பு, கிடை, அதாவது உரத்துக்காக நிலத்தில் ஆட்டு மந்தையை அடைப்பது. மணலுக்கும் பொட்டலுக்கும் ஆட்டுக் கிடையைவிட நல்ல உரம் கிடையாது என்பது உண்மை. ஆனால் கருவேலங்காயைத் தின்ற ஆடு விதையைச் செரிப்பதில்லை, உரத்தோடு விதைத்துவிட்டே போகும். கிடை அமர்த்தும் கீதாரியிடம் (மந்தைக்காரர்), ஆடுகள் கடைசியாக எங்கே மேய்ந்தன என்று கேளுங்கள். காய் உதிரும் காட்டில் மேய்ந்து வருகிற மந்தை என்றால், ஒரு வாரம் வேறு மேய்ச்சலில் நிறுத்திவிட்டுப் பிறகு வரச் சொல்லுங்கள். எப்படியும் முதல் மூன்று மழைக்கும் நாற்று முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது, இரண்டு இலை நாலு இலையில் கையால் பிடுங்கினால் வேரோடு வரும். காய்ந்த பிறகு போனால் கடப்பாரை வேண்டும். கார்த்திகையில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள், எல்லாத் தலைக்கட்டும் சேர்ந்து வரிசையில் நடந்து பிடுங்குவதை ஊர் வழக்கமாக்கிவிடுங்கள்.

இனித் தரவை மண்ணைச் சரிசெய்வது. உவர் வேறு, களர் வேறு. உவர் என்றால் உப்பு, வெயிலில் வெள்ளையாகப் பூக்கும். களர் என்றால் மண்ணே சோடியம் ஏறிக் கெட்டது, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நிற்கும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் மழைத்தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ (ஆசிட் இல்லை) ஊற்றி, பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக இறக்கி, ஆட்டாமல் மறுநாள் வரை வையுங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிந்திருந்தால் வெறும் உவர். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி மூட்டம் பரவி, காலையிலும் தெளியாமல் நின்றால் களர். குழாய்த் தண்ணீரில் செய்தால் அதிலுள்ள உப்பே மூட்டத்தை அடக்கிவிடும், சோதனை பொய்யாகும்.

இரண்டுக்கும் மருந்து மாறினால் நிலம் போச்சு. உவரை மழைத்தண்ணீர் கட்டிக் கழுவலாம். களரில் அப்படிக் கழுவினால் இருக்கிற உப்பும் போய் மண் இன்னும் இறுகும், அதற்கு முதலில் ஜிப்சம். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல முடியும். ராமநாதபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, மாதிரியோடு போய்க் கேளுங்கள்.

கழுவுவதற்குக் கால் ஏக்கர் பாத்திகள், ஒன்றரை அடி உயர வரப்பு. பாத்தி மட்டமாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் நாலு விரல் மேடு இருந்தால் அந்த மேட்டில் உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும், அடுத்த வருஷம் பயிருக்கு நடுவில் சொட்டையாகத் தெரியும். ஓர் அடி மண்ணின் உப்பில் பெரும்பகுதியைக் கழுவ ஓர் அடித் தண்ணீர் அந்த மண் வழியே இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நமக்கு வரும் 500 மில்லிமீட்டர் ஒன்றரை அடிக்கு மேல், ஒரு மழைக்காலம் போதும். இறங்கின தண்ணீர் போக வழி இருந்தால்! 100 அடிக்கு ஒன்றாக மூன்றடி ஆழ வடிகால் வெட்டி, அவற்றை ஓடையில் சேருங்கள். வடிகால் இல்லாமல் தண்ணீர் கட்டினால் உப்பு ஓர் அடி இறங்கிப் பதுங்கியிருந்து மாசியில் அதே வழியில் மேலே வரும். ஓடை வாய் கடலைப் பார்த்து இருப்பதால் அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். நம் கரையில் ஏற்றவற்றம் மூன்றடிக்குள்தான், ஆனால் தட்டை நிலத்தில் அதுவே வெகுதூரம் வரும். மழை முடிந்ததும் தையில், ஓடையை மறிக்காமல், உங்கள் வடிகால் ஓடையில் சேரும் வாயை மட்டும் மணல் மூட்டையும் களியும் வைத்து அடைத்துவிட்டுப் புரட்டாசியில் திறந்துவிடுங்கள்.

கழுவிய மண்ணில் முதல் பயிர் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். பூத்து முற்றிவிட்டால் தண்டு நாராகி மக்காது.

இதே முதல் வருஷம் மணல் பக்கம் மரம். பனங்கொட்டை ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும். எல்லையில் 10 அடிக்கு ஒன்று. நேரே ஊன்ற வேண்டும், நாற்றாக எடுத்து நட்டால் ஆழப் போகும் குருத்து முறிந்துவிடும். ஓர் இடத்துக்கு மூன்று கொட்டை போட்டால் தைக்கு இரண்டைக் கிழங்காகப் பிடுங்கி விற்கலாம், ஒன்று மரமாகட்டும். பதநீர் பார்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும், ஆனால் புயலுக்கு நிற்கிற மரம் அதுதான். 2018 கஜா புயலில் டெல்டாவில் தென்னை சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். நிலத்தில் ஏற்கெனவே பனை நின்றால் வெட்டிவிடாதீர்கள். 2021-க்குப் பிறகு அதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

தென்னைக்கு ஆசைப்படுவீர்கள். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். காய்க்கிற மரத்துக்குக் கோடையில் சொட்டுநீரிலேயே தினம் 65 லிட்டர் வேண்டும். 70 மரத்துக்கு 4,550 லிட்டர், அதாவது மூன்று உறைக்கிணற்றை முழுக்க வற்றடிக்க வேண்டும். ஆறு கிணற்றில் மூன்றைத் தென்னை குடித்தால் மற்றதெல்லாம் என்ன ஆகும்? அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழி மூன்றடிக்கு மூன்றடி, அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு வையுங்கள், மணலில் ஈரம் நிற்கும். அதே தண்ணீரில் அதிகக் காசு பார்க்க வேண்டுமென்றால் மல்லிகை நாற்று. தங்கச்சிமடம் பக்கத்து மணலில் அதைப் போட்டுத்தான் வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

இரண்டாம் வருஷம் நெல். சித்திரையில் கோடை உழவு, ஆவணிக் கடைசியில் புழுதியில் விதைப்பு. ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ. திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் உவர்-களர் தாங்கும் என்று கடையில் தள்ளுவார்கள். தாங்கும்தான், ஆனால் வயது 135 நாள். மானாவாரியில் மார்கழியோடு மழை கழன்றால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காயும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அண்ணா 4 நூறு நாள் சொச்சத்தில் முடியும், வறட்சிக்கும் பொறுக்கும். ஒரு பாத்தியில் சித்திரைக்காரும் போட்டுப் பாருங்கள், இந்த மண்ணுக்குப் பழகிய நெல். புரட்டாசியில் ஒரு மழை பெய்து முளைத்து, அப்புறம் இருபது நாள் வானம் பார்க்க வைத்தால் மொத்த முளையும் கருகும். இது அடிக்கடி நடக்கும். அதனால் விதை நெல்லில் பாதியைக் குதிரிலேயே வையுங்கள். ஐப்பசியில் மறுவிதைப்புக்கு வெளியே தேடினால் விலையும் கட்டாது, ரகமும் கிடைக்காது.

மூன்றாம் வருஷம் மிளகாய், அதுவும் மீட்டர் சொன்ன பாத்தியில் மட்டும். முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெயருக்கு விலை உண்டு. காயப்போடும் நேரத்தில் மாசியில் ஒரு தூறல் விழுந்தால் வத்தல் வெளுத்து, அந்த விலை பாதியாகும். களத்தைச் சிமெண்டில் மேடாகக் கட்டி, தார்ப்பாயைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். பன்றியும் மயிலும் மிச்சக் கருவேலத்திலிருந்துதான் வரும், அதற்காகவே எல்லைக் கருவேலத்தை மூன்றாம் வருஷத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

அதுவரை எங்கே தங்குவது? பனை மட்டை வேலி, பனையோலைக் கூரைக் கொட்டகை இரண்டு போட்டு, முறைவைத்து நாலு பேர் தங்குங்கள். மற்றவர்கள் பழைய ஊரில் பழைய வேலையிலேயே இருக்கட்டும். இரண்டு மழைக்காலம் பார்த்தால்தான் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மேடு மேடாகவே இருக்கிறது என்பது தெரியும். அதைப் பார்க்காமல் கட்டிய வீட்டு வாசலில்தான் கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். வீடு சுற்று நிலத்தைவிட நாலடி உயர்ந்த இடத்தில், சவுக்குக்கு உள்பக்கம் வரட்டும். 500 சதுர அடிக் கூரை அந்த மழைக்காலத்தில் 18,000 லிட்டர் தரும், அதற்குத் தொட்டியைச் சேர்த்தே கட்டுங்கள். கழிவறைக் குழி கிணற்றிலிருந்து 100 அடி தள்ளி, தண்ணீர் ஓட்டத்தின் கீழ்ப் பக்கம். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் ஆறடி இடைவெளி மணல்மேட்டில் கிடைக்காது, ஆகையால் உறிஞ்சு குழி வேண்டாம். அடிப்பூச்சு உள்ள மூடிய தொட்டி, இல்லையென்றால் தண்ணீர் ஊற்றாத உலர் எரு கழிவறை. மணல் வடிகட்டிவிடும் என்று நம்பிக் கட்டியவர்கள் முதல் மழைக்காலத்திலேயே கிணற்று வாடையில் தெரிந்துகொள்வார்கள்.

கடைசியாக, பேச்சாக விடாமல் எழுதி வைக்க வேண்டியது. ஊருணி, நீர்ப்பிடிப்பு, கிணறுகள், களம், ஓடைக் கரை இவை பன்னிரண்டு பேர் பெயரிலும் பொதுவாகப் பதிவாக வேண்டும், ஒருவர் பாகத்துக்குள் விழக் கூடாது. மீதி 30 ஏக்கரைப் பங்கு வைக்கும்போது ஆளுக்கு ஒரே துண்டாகக் கொடுக்காதீர்கள். மணலில் ஒன்று, நல்ல களியில் ஒன்று, கெட்ட களியில் ஒன்று என்று மூன்று துண்டு, சீட்டுப் போட்டு. உழவுக்கு அலைச்சல்தான், ஆனால் கெட்ட நிலத்தைக் கழுவ எல்லோருக்கும் அக்கறை இருக்கும். மடை திறக்கவும் அடைக்கவும் ஒரே ஒரு நீர்ப்பாய்ச்சி, அவருக்குத் தலைக்கட்டுக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கூலி. குடிமராமத்து (ஊர் கூடித் தூர்வாரிக் கரை கட்டும் வேலை) வருஷத்துக்கு நாலு நாள், வர முடியாதவர் ஆள் அனுப்ப வேண்டும், பணம் கட்டித் தப்பிக்க வழி வைக்காதீர்கள். பணம் கட்டினால் போதும் என்று ஆனபிறகு தூர்வார ஆளில்லாமல் கிடக்கிற கண்மாய்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். சொந்தத் துண்டில் ஆழ்துளை போடுவதில்லை என்று பன்னிரண்டு பேரும் பத்திரத்திலேயே கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தண்ணீர் போதவில்லை என்று முதல் கோரிக்கை வரும் நாளில், லாரியில் வாங்கிக் கொடுக்க ஊர்ப் பொதுவில் பணம் இருக்கட்டும்.